உள்பக்கத்து ஒட்டு

நிலக்கரி வேகன் ஒன்றின் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் நீங்கள் பார்த்ததுண்டா? பார்த்திருக்க முடியாது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நின்றால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம். அவ்வளவுதான். வட இங்கிலாந்துச் சுரங்க ஊரான ஹெஸ்லிபர்னில் ஒரு ஆள் எந்தப் பக்கம் நின்றார் என்பது மட்டும் நாற்பது வருஷமாகப் பேசித் தீரவில்லை.

மால்கம் பாலிஸ்டர் அந்த ஊர்ச் சுரங்கத்தில் வேகன்களைக் கோத்துவிடும் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடி, தண்டவாளத்தைப் பிடுங்கி, அந்த இடத்தில் கார்ப்பெட் கடையும் வந்துவிட்டது. மனைவி மேவிஸ் இறந்துபோன பிறகு அவருக்கு இருந்த ஒரே வேலை, அந்தப் பழைய பாதையைக் கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டுகிற சிமுலேட்டரில் திரும்ப உண்டாக்குவது. சுரங்க வாசலிலிருந்து கடற்கரையில் கப்பலுக்குக் கரி கொட்டுகிற மேடை வரைக்கும், சுரங்கத்தின் சொந்தப் பாதை. மேடு, வளைவு, சிக்னல், வரிசை வீடுகள், துணி காயப்போட்ட கொல்லைகள், எல்லாம் அவர் கை. வேகன்கள் மட்டும் ட்ரெவர் ஸ்டாப்ஸ் செய்தது. ட்ரெவரும் அதே சுரங்கம், அதே ஷிஃப்ட். இரண்டு பேரும் வியாழக்கிழமைகளில் தொழிலாளர் மன்றத்தில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்து, டீயும் ஸ்டாட்டி என்கிற அந்த ஊர்த் தட்டை ரொட்டியுமாக ஒரு துருவுக்கு என்ன நிறம் என்று சண்டை போடுவார்கள். செய்து முடித்ததை இணையத்தில் சும்மா கொடுத்தார்கள். எங்கோ போலந்திலும் ஜப்பானிலும் ஆட்கள் இறக்கி ஓட்டினார்கள். ஜப்பான்காரன் ஒருத்தன் தினமும் காலையில் நம்ம கக்கூஸ் பின்னால கரி இழுத்துட்டுப் போறான் என்று ட்ரெவர் சொல்லிச் சிரிப்பார்.

மால்கம் சந்தேகம் பிடித்தவர் என்பது ஊரே அறிந்தது. போட்டிக்கு வளர்க்கும் லீக் என்கிற வெங்காயச் செடிப் பாத்திக்கு இரும்பு வேலி போட்டு, இரண்டு பூட்டுப் போட்டவர். பால்காரர் சிரித்தால் ஏன் சிரித்தார் என்று மத்தியானம் வரை யோசிப்பார். ட்ரெவரை மட்டும் அவர் சந்தேகப்பட்டதே கிடையாது, அந்த ஜூலை மாதம் வரைக்கும்.

அன்றைக்கு அவர் திரையில் சுரங்கத்துக் கேன்டீன் வாசல் விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார். விளக்கு உயரமா என்று பார்க்க, பார்வையைக் கேன்டீன் வாசலுக்கே கொண்டுபோய் நிறுத்தினார். அங்கிருந்து அவர் அதுவரை திரையில் எதையும் பார்த்ததில்லை. எதிரே ட்ரெவரின் வேகன் வரிசை நின்றது. அதில் ஒரு வேகனின், சுரங்கத்தைப் பார்த்து நிற்கும் உள்பக்கத்தில், பிரேக் இருக்கும் முனையில், கீழ் மூலையில், சதுரமாக ஒரு ஒட்டுத் தகடு. அதன் ஒரு முனை வெளியே மடங்கியிருந்தது.

மால்கம் தன் இடது முன்கையைத் தடவிக்கொண்டார். அங்கே ஒரு பழைய தழும்பு இருக்கிறது.

அந்த வரிசையின் கதை ஊரில் எல்லாருக்கும் தெரியும். பெரிய வேலைநிறுத்தத்தின்போது, குளிர்காலம் தொடங்கியதும், வேலைக்குத் திரும்பியவர்களை நிர்வாகம் பஸ்ஸில் கொண்டுவந்தது. ஜன்னலுக்கெல்லாம் கம்பிவலை. பஸ்ஸிலிருந்து யார் இறங்குகிறார்கள் என்று வாசலில் நிற்கும் மறியல்காரர்களுக்குத் தெரியக்கூடாது என்று, வேலிக்கு உள்ளே வெளியூரிலிருந்து கொண்டுவந்த ஒரு நீள வேகன் வரிசையைச் சுவர் மாதிரி இழுத்து நிறுத்தினார்கள். வெளியே நின்றவர்களுக்கு வேகனின் வெளிப்பக்கம்தான் தெரியும். உள்பக்கம் கருங்காலிகளுக்கும் போலீஸுக்கும் மட்டும். வேலைநிறுத்தம் முடிந்து ஆட்கள் எல்லாரும் வேலைக்குத் திரும்பும் முன்பே அந்த வரிசையை நின்ற இடத்திலேயே வெட்டி இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். இருக்கிற புகைப்படங்களெல்லாம் சாலையிலிருந்து எடுத்தவை.

பஸ்ஸில் போனவர்கள் ஆறு பேர். ஐந்து பேரின் பெயர் வெளியே வந்துவிட்டது. ஆறாவது ஆள் முகத்தைக் கம்பளித் தொப்பியால் மூடிக்கொண்டு வந்தவன். அவன் யார் என்று இன்றுவரை தெரியாது. ஜூலைதோறும் டர்ஹாம் நகரத்தில் சுரங்கத் தொழிலாளர்களின் பெருங்கூட்டம் நடக்கும் நாளில், ஹெஸ்லிபர்ன் பேண்டு வாத்தியம் சங்கக் கொடியோடு ஊர் முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் பஸ் ஏறும். கருங்காலிகளான அந்த ஐந்து பேர் வீட்டு வாசலில் மட்டும் பெரிய டிரம் அடிப்பது நின்றுவிடும். தாண்டியதும் மறுபடி அடிக்கும். அந்த வீடுகளில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் ருமேனியாக் குடும்பம். டிரம் ஏன் நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது, கையாட்டிவிட்டு உள்ளே போவார்கள்.

மால்கம் அந்த உள்பக்கத்தை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறார். மேவிஸுக்கு நெஞ்சுச் சளி முற்றி, வீட்டில் எரிக்க ஒரு துண்டு கரி இல்லாத வாரம். விடியும் முன் வேலியில் நுழைந்து, வேகனுக்கு அடியில் ஊர்ந்து உள்பக்கம் போய், சிந்திக் கிடந்ததைச் சாக்கில் அள்ளினார். திரும்பும்போது அந்தத் தகட்டின் மடங்கிய முனை கையைக் கிழித்துவிட்டது. எந்தக் காரணத்துக்கும் யாரும் வேலியைத் தாண்டக்கூடாது என்று சங்கம் கட்டுப்பாடு போட்டிருந்த நேரம். அதனால் மேவிஸைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. பிறகு சொல்வதற்கு ஒரு சந்தர்ப்பமும் வரவில்லை, மறந்தும் போனார்.

இப்போது அவர் மூளை ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டது. நான் கையைக் கிழித்துக்கொண்டதால் எனக்குத் தெரியும். ட்ரெவருக்கு எப்படித் தெரியும்?

வியாழக்கிழமை சாதாரணமாகக் கேட்பது போல் கேட்டுப் பார்த்தார். அந்த உள்பக்கமெல்லாம் பிரமாதமா இருக்கே, எதைப் பார்த்துச் செஞ்சே என்றார். ட்ரெவர் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே, எல்லாம் ஞாபகத்துலேர்ந்துதான் என்று சொல்லிவிட்டு லீக் செடிக்கு என்ன உரம் போடுகிறாய் என்று பேச்சை மாற்றினார். லீக்கைப் பற்றி ட்ரெவர் அதற்கு முன் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த வேகன் மேலே ஒட்டுறதுக்கு நீ வண்ணம் தீட்டின படத்தை அனுப்பு, நிறத்தைச் சரிபார்க்கணும் என்று மால்கம் கேட்டார். அனுப்புகிறேன் என்றவர் அனுப்பவில்லை. மறுபடி கேட்டதற்குக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுகிறது என்றார். அடுத்த நிமிஷமே அதே கம்ப்யூட்டரில் பேரனுக்கு வீடியோ போட்டுக் காட்டினார்.

மால்கமுக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. பஸ் வந்துகொண்டிருந்த அந்த வாரங்களில் ட்ரெவர் ஊரிலேயே இல்லை. நாட்டிங்ஹாம் பக்கத்துச் சுரங்கங்களில் மறியலுக்குப் போயிருந்ததாகச் சொல்வார். போனவர்கள் எல்லாரும் போலீஸ் துரத்தியது, வயலில் படுத்தது என்று வருஷக்கணக்காகக் கதை சொன்னார்கள். ட்ரெவர் ஒரு கதைகூடச் சொன்னதில்லை. அதை இதுவரை அடக்கம் என்று மால்கம் நினைத்திருந்தார்.

இந்த வருஷம் கொடியின் முன்தடியைப் பிடிக்க மன்றம் தேர்ந்தெடுத்திருந்தது ட்ரெவரை. அந்தத் தடியைப் பிடிப்பவன்தான் அன்றைக்கு ஊருக்கே முன்னால் நடப்பவன். தன்னைக் கேட்பார்கள் என்று மால்கம் பல வருஷம் காத்திருந்தார், கேட்கவில்லை. அதற்காகத்தான் இப்படி நினைக்கிறேனா என்று தன்னையே ஒரு தடவை கேட்டுக்கொண்டார். இல்லை என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார். ஒரு கருங்காலி அந்தக் கொடியைப் பிடித்துக்கொண்டு டர்ஹாம் தெருவில் நடக்க, நான் பின்னாலேயே கைதட்டிக்கொண்டு போவதா என்பதுதான் அவருக்குத் திரும்பத் திரும்ப வந்தது.

பெருங்கூட்டத்துக்கு முந்தின சாயங்காலம் மன்றத்தில் கொடியைப் பிரித்து மேசைகள் மேல் போட்டுத் தடிகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். செயலாளர் ஐரீன் டூலிப், பெரிய டிரம் அடிக்கும் நெவில், பேண்டு ஆட்கள் சிலர். ட்ரெவர் புதுச் சட்டையில் வந்திருந்தார். எல்லாரும் பார்க்கட்டும் என்று ஐரீன் சிமுலேட்டரைச் சுவரில் விழும்படி வைத்திருந்தாள். வேகன்கள் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தன.

மால்கம் எழுந்துபோய்ப் பார்வையைக் கேன்டீன் வாசலுக்கு மாற்றினார். ஒட்டுத் தகடு சுவர் முழுக்கப் பெரிதாகத் தெரிந்தது.

"ட்ரெவர், இது எந்தப் பக்கம்?"

"உள்பக்கம். ஏன்?"

"உள்பக்கத்துக்கு ஒரு போட்டோவும் கிடையாது. பஸ்ஸுல இறங்குனவன் பாத்த பக்கம் இது. இந்த ஒட்டு இங்க இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

எண்ணெய் தடவிக்கொண்டிருந்த கைகள் நின்றன. ட்ரெவரின் முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டே வந்தது. நெவில் துணியைக் கீழே வைத்துவிட்டு, அவன் கேக்குறான்ல, சொல்லு கூட்டாளி என்றார்.

"சொன்னா சிரிப்பீங்க."

"நாங்க சிரிக்கிற நெலமையிலயா இருக்கோம்?" என்றார் நெவில்.

ட்ரெவர் கம்ப்யூட்டரிடம் போனார். இத்தனை நாளாகக் கொடுக்காத அந்தப் படத்தைத் திறந்து சுவரில் விழ வைத்தார். வேகனின் ஒரே ஒரு பக்கம்தான் அதில் வரைந்திருந்தது, சாலையிலிருந்து எடுத்த புகைப்படத்தை அப்படியே பார்த்து. அந்தப் பக்கத்திலும் அதே மூலையில் அதே ஒட்டு. மறுபக்கத்துக்கு வேறு படமே இல்லை. இதையே கண்ணாடியில் காட்டியது மாதிரி திருப்பி ஒட்டிவிட்டதாகச் சொன்னார். எழுத்தை மட்டும் தனியாக எழுதிவிட்டால் யாருக்கும் தெரியாதாம். சோம்பேறிகள் பண்ணுகிற வேலை. என் வேகனில் இரண்டு பக்கமும் தனித்தனியாக வரைந்தது என்று இணையத்தில் ஊருக்கெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார். போன மாதம் ஒரு போலந்துப் பையனை இதே தப்புக்கு நார்நாராகக் கிழித்தும் இருந்தார்.

"அந்தப் போலந்துக்காரன் கண்ணுல மட்டும் பட்டுடக் கூடாதுன்னு இருந்தேன்" என்றார்.

முதலில் நெவில் சிரித்தார். பிறகு மன்றமே சிரித்தது. நாட்டிங்ஹாமில் என்ன பண்ணினே, அதையும் திருப்பி ஒட்டினதுதானா என்று ஒருவர் கேட்க, முதல் நாளே வேனிலிருந்து இறங்கும்போது கால் பிசகி, மறியல்காரர்களுக்குச் சமைக்கிற ஒரு சமையலறையில் வாரக்கணக்காக உருளைக்கிழங்கு உரித்ததை ட்ரெவர் ஒத்துக்கொண்டார். அதைப் போய் எப்படிக் கதையாகச் சொல்வது என்றார். மால்கமுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மன்னிச்சுக்கோ என்று ட்ரெவரின் தோளைப் பிடித்தார்.

ட்ரெவருக்குக் கோபமில்லை. அவர் இன்னும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வேகன் செய்கிறவனுக்கு வருகிற சந்தேகம்தான் அவருக்கு வந்தது.

"அப்போ நான் குத்துமதிப்பா ஒட்டுனது சரியாத்தான் இருக்கா? நெஜமாவே உள்பக்கமும் ஒட்டு இருந்துச்சா?"

"அப்படியே இருந்துச்சு" என்றார் மால்கம், சந்தோஷமாக. "அந்த மூலைலதான் தண்ணி தேங்கும். ரெண்டு பக்கமும் அரிச்சிருக்கும். முனைகூட இப்படித்தான் மடங்கி இருந்துச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் நெவில் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன்னையே பார்ப்பதைக் கவனித்தார். ஐரீன் கொடியின் ஓரத்து மடிப்பை நீவிவிட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"உனக்கு எப்படித் தெரியும் கண்ணு?"

மால்கம் சொன்னார். கரி, சாக்கு, மேவிஸின் இருமல், வேகனுக்கு அடியில் ஊர்ந்தது, எல்லாம் சொன்னார். சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டினார். அவர்கள் தழும்பைப் பார்த்தார்கள். ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று யாரும் கேட்கவில்லை. யாராவது பார்த்தார்களா என்று நெவில் மட்டும் கேட்டார். மேவிஸுக்குத் தெரியும் என்றார் மால்கம். மேவிஸ் நல்ல பொண்ணு என்றாள் ஐரீன். அந்த வாரங்களில் நீ மறியலுக்கே வரவில்லையே என்று பேண்டு ஆள் ஒருவர் யாரிடம் என்றில்லாமல் சொன்னார். வீட்டில்தான் இருந்தேன், அவளைப் பார்த்துக்கொண்டு என்றார் மால்கம். அதுவும் உண்மைதான். ஆனால் அவர் காதுக்கே அது வேறு யாரோ சொல்கிற பொய் மாதிரி கேட்டது.

யாரும் நம்பவில்லை என்று சொல்லவில்லை. ஐரீன் டீ போட்டுக் கொடுத்தாள். நெவில் தடிக்கு எண்ணெய் தடவுவதைத் தொடர்ந்தார். கொடியை மடிக்கும்போது வழக்கமாக ஒரு மூலையைப் பிடிக்கும் மால்கம் கையை நீட்டினார். அந்த மூலையை ஏற்கெனவே வேறு யாரோ பிடித்திருந்தார்கள். வாசலில் ட்ரெவர் அவருக்குக் குட்நைட் சொன்னார். வழக்கம்போல் கூட்டாளி என்று மட்டும் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை மழை இல்லை. மால்கம் சூட் போட்டு, சங்க பேட்ஜைக் குத்திக்கொண்டு வாசலில் நின்றார். வருஷா வருஷம் வந்து கதவைத் தட்டும் ஐரீன் வரவில்லை. பேண்டு அவர் தெருவுக்குள் திரும்பியது. ட்ரெவர் முன்தடியைப் பிடித்திருந்தார். மால்கம் வீட்டு வாசல் வந்ததும் நெவில் டிரம் அடிப்பதை நிறுத்தினார். அடுத்த வீடு வந்ததும் மறுபடி அடித்தார்.