நாலு பேர் ஏறும் வண்டி

விடிவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. சின்ன ஆஸ்பத்திரியின் கட்டிலிலிருந்து நோயாளியை ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சருக்கு மாற்றவே முக்கால் மணி நேரம் பிடித்தது. தையல்காரர் அவர், நாற்பது வயது. இதயம் ஏறக்குறைய நின்றுவிட்டிருந்தது. தொடையில் செருகிய ஒரு குழாயில் கறுத்த ரத்தம் வெளியே வர, இயந்திரம் அதில் ஆக்ஸிஜன் ஏற்றி மற்றொரு குழாயில் சிவப்பாகத் திருப்பி அனுப்பியது. குழாய் நழுவினால் ஆள் இல்லை. நர்ஸ் இரண்டையும் முன்கையில் அணைத்தபடி, முதுகு வளைந்து, லிஃப்ட் வரை பக்கவாட்டில் நடந்தாள்.

முன்பு இந்த வண்டியில் நாலு பேர் போவார்கள். ஆம்புலன்ஸ் கம்பெனி முதலில் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனை வீட்டுக்கு அனுப்பியது. பிறகு டாக்டர் போனில் இருந்தால் போதும் என்றது. பின்கதவு சாத்தியதும் அவள் தனி. முன்னால் டிரைவர், நடுவில் தடித்த கண்ணாடி. தையல்காரருக்கு நினைவில்லை.

பாதி வழியில் வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. வண்டியிலிருந்து இயந்திரத்துக்கு வந்த மின்சாரம் அறுந்தது. இயந்திரத்தின் பேட்டரியை மாற்றச் சொல்லி அவள் இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தாள். அது இரண்டே நிமிடத்தில் படுத்துவிட்டது. குழாயைக் கவ்வியால் அடைத்தாள், பம்பைக் கையால் சுற்றும் பிடியில் பொருத்தினாள், கவ்வியை விடுவித்துச் சுற்றத் தொடங்கினாள். நிறுத்தினால் அவருடைய ரத்தமும் நிற்கும். போன் எட்டாத தூரத்தில் கிடந்தது. கண்ணாடியைக் காலால் உதைத்தாள். சைரன் அதை விழுங்கியது. வலது கை மரத்ததும் இடது கை. முப்பத்தைந்து நிமிடம். உலகத்தில் தானும் இந்த மனிதரும் மட்டும் மிச்சம் என்று தோன்றியது.

பெரிய மருத்துவமனை வாசலில் கதவைத் திறந்த டிரைவர் உறைந்து நின்றார்.

"ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதாம்மா?"

"குடுத்தேண்ணே."

தையல்காரர் உயிரோடு உள்ளே போனார்.

மறுநாள் கம்பெனி முதலாளி அவளைக் கூப்பிட்டார்; உட்காரச் சொல்லவில்லை.

"அதான் ஒத்தை ஆளா சமாளிச்சிட்டியே. அப்புறம் எதுக்கு இன்னும் ரெண்டு பேரு?"

"சமாளிக்கல சார். தப்பிச்சோம்."

"இஷ்டமில்லன்னா சொல்லிடு. வேற நர்ஸ் வருவா."

"வர்றவளும் தனியாத்தானே உக்காரணும்?"

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அறைக்குப் போய்ப் படுத்தாள். தூக்கம் வரவில்லை. வேலைக்குப் போக மாட்டேன் என்று சொன்னால், எங்கோ ஒருவர் வண்டிக்குக் காத்திருந்தே செத்துப்போவார். இந்த முடிச்சை நம்பித்தான் கம்பெனி நடந்தது. யாரிடம் சொல்வதென்று தெரியாமல் டிரைவரைக் கூப்பிட்டாள். அவரும் தூங்கவில்லை என்றார். அவர் ஷெட்டில் மற்ற வண்டிக்காரர்களிடம் சொன்னார். அவர்களிடமும் இதே மாதிரி கதைகள் இருந்தன. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் நடந்தது என்று நினைத்திருந்தார். வண்டியை நிறுத்த வேண்டாம், ஆட்களால் நிரப்புவோம் என்று முடிவாயிற்று.

மூன்றாம் நாள் காலை வண்டியில் நாலு பேர் ஏறினார்கள். வேலை போன டெக்னீஷியன் வந்திருந்தார். போனிலேயே வைத்தியம் பார்த்து அலுத்துப்போன இளம் டாக்டரும் வந்திருந்தார். முதலாளி கேட்டை மறித்து நின்றார்.

"அந்தாளு நம்ம ஆளே இல்ல. இறங்கச் சொல்லு."

டிரைவர் இஞ்சினை அணைக்கவில்லை. "அவர் இறங்கினா நானும் இறங்கிடுவேன் சார். நீங்க ஓட்டுறீங்களா?"

"எல்லார் சீட்டையும் கிழிச்சிடுவேன்."

"கிழிங்க. மொத்தமா கிழிங்க," என்றது ஒரு குரல். ஷிஃப்ட் இல்லாத டிரைவர்களும் நர்ஸ்களும் ஷெட்டின் நிழலிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். முதலாளி தலைகளை எண்ணிப் பார்ப்பதுபோல் ஒரு கணம் நின்று, விலகினார்.

மாலையில் திரும்பியபோது பலகையில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது: டாக்டர், நர்ஸ், டிரைவர் மூவரும் தற்காலிக நீக்கம். அதைச் சுற்றி நின்ற கூட்டத்தில் இன்னொரு வண்டியின் நர்ஸ், நாளைக் காலை தன் வண்டிக்கு ஆள் குறைகிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"நான் வர்றேன்," என்றாள் இவள்.

"நோட்டீசைப் படிச்சிட்டுத்தான் சொல்றியாக்கா?"

"படிச்சிட்டுத்தான்."

டெக்னீஷியன், தானும் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டார்.