குறுக்கே ஓடிய கோடு

அமராவதியின் போர்வையைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் முரசுமோட்டையில் இல்லை. வெயில் மண்டையைப் பிளக்கிற ஊரில் எவளாவது உட்கார்ந்து போர்வை தைப்பாளா? இவள் தைத்தாள். ஊருக்கெல்லாம் ஆம்பிளைகளுக்குச் சேட்டும் பெட்டைகளுக்குச் சட்டையும் தைத்துக் கொடுத்து, வெட்டில் விழுகிற துண்டுகளை மட்டும் தனக்கென்று கேட்டு வாங்குவாள். இரண்டு பழஞ்சேலைகளை மடித்து விரித்து, அதன் மேல் அந்தத் துண்டுகளை அடுக்கி நூலோட்டுவாள். ஒரு மூலையில் யார் வீட்டு யன்னல் சீலையோ, இன்னொரு மூலையில் பள்ளிக்கூட வெள்ளை, நடுவில் பெரியபிள்ளையான ஒரு பெட்டையின் சாமத்தியவீட்டுப் பாவாடை.

"உன்ரை போர்வையைப் பாத்து வாக்காளர் இடாப்பு எழுதலாம், அமராவதி" என்று அன்னபாக்கியம் பகிடி பண்ணுவாள். அரசாங்கத்தின் உண்மையான இடாப்பில் அமராவதி குடும்பத்துக்குப் பெயர் கிடையாது. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த, பிரசாவுரிமை இல்லாதவர்களுக்கு அது அப்படித்தான். அதனால் அமராவதியும் சேர்ந்து சிரித்து வைப்பாள்.

போர்வை மகன் ராசுவுக்கு. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்தை விட்டுக் கட்டின துணியோடு ஓடி வந்தபோது அவனுக்கு எட்டு வயது. மலைத்தோட்டத்து லய அறையின் குளிரில் பிறந்து, தலை வரைக்கும் மூடிப் படுத்துப் பழகியவன். வன்னிக்கு வந்து எட்டு வருசமாகியும், வியர்த்து ஒழுகினாலும், மேலே ஒரு துணி இல்லாமல் கண்ணை மூடமாட்டான். தங்கை சிவலட்சுமி கேலி பண்ணினால் அவளையும் இழுத்து உள்ளே மூடிவிடுவான்.

தையல் மெசின் அன்னபாக்கியத்தின் சீதனம். ஊசியில் நூல் கோக்கக்கூட அவளுக்குப் பொறுமை இல்லாததால், அவளுடைய விறாந்தையில் அமராவதிதான் உட்கார்ந்து மிதித்தாள். அமராவதியின் புருசன் வீரபாகு, அன்னபாக்கியத்தின் கணவர் ஏரம்புவின் வயலில் வேலை செய்தான். ஏரம்பு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்தவர். அவர்களின் ஒரே மகன் தயாபரனும் ராசுவும் ஒரே வயது. ஒருவனைத் தேடினால் மற்றவனையும் கண்டுபிடிக்கலாம்.

எண்பத்தைந்தாம் ஆண்டுத் தைப்பொங்கலுக்கு அன்னபாக்கியம் கிளிநொச்சிச் சந்தையிலிருந்து நீலக்கோடு போட்ட வெள்ளைத் துணி வாங்கி வந்தாள்.

"தயாபரனுக்கு ஒரு சேட்டு. மிச்சத்திலை உன்ரை ராசுவுக்கும் ஒண்டு வெட்டு. ரெண்டும் ஒண்டாய்த்தானே திரியுதுகள்."

அமராவதிக்கு வாயெல்லாம் பல். முதல் வேலையாக, போர்வைக்கென்று ஒரு சாண் சதுரத்தை வெட்டி எடுத்தாள். அன்றைக்கே அதைப் போர்வையில் வைத்துத் தைத்தும் விட்டாள். பிறகுதான் தயாபரனின் சேட்டை வெட்டினாள்.

கோடு போட்ட துணியில் நெஞ்சுப் பொக்கற் வைப்பது தைக்கிறவளின் மானப் பிரச்சினை. பொக்கற்றின் கோடும் நெஞ்சின் கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழவேண்டும். பொக்கற் இருப்பதே தெரியக்கூடாது. தயாபரனின் சேட்டில் அப்படித்தான் வைத்தாள். ராசுவின் பொக்கற்றுக்கு வந்தபோது நீளவாட்டில் துணி இல்லை. அகலவாட்டில் ஒரு கீற்றுத்தான் கிடந்தது. போர்வையில் இருக்கிற சதுரத்தைப் பிரித்தெடுக்கலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. தைத்ததை யார் பிரிப்பது என்ற சோம்பலும் கூடவே வந்தது. பிறத்தியார் துணியில் குறை வைக்கமாட்டாள். சொந்தப் பிள்ளைக்குத்தானே என்று அந்தக் கீற்றையே வைத்துத் தைத்து முடித்தாள். நெஞ்சில் கோடு மேலிருந்து கீழே ஓட, பொக்கற்றில் மட்டும் குறுக்கே ஓடியது.

பொங்கலன்று ராசு சேட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கினான்.

"என்னம்மா இது, கோடு இப்பிடிப் போவுது? பாக்கிறவங்க சிரிப்பாங்க."

"ஒன் பாக்கெட்ட எவன் வந்து பாக்கப் போறான்? போட்டுக்கிட்டுப் போடா."

பக்கத்தில் நின்ற தயாபரன், "எனக்கெண்டால் இதுதான் பிடிச்சிருக்கு. ஊரிலை ஆரிட்டயும் இல்லாத ஸ்ரைல்" என்று அவனைத் தேற்றினான். தயாபரன் நல்ல பிள்ளை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாசி மாதம் ஒருநாள் காலை, வாட்டர் பம்முக்குச் சாமான் வாங்கிவர இருவரையும் வவுனியாவுக்கு அனுப்பினார் ஏரம்பு. பட்டணம் போவதால் இருவரும் பொங்கல் சேட்டைத்தான் போட்டிருந்தார்கள். அமராவதி வாசல் படலையில் நின்று பார்த்தாள். ராசு கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டி, பொக்கற்றை மறைத்தபடி நடந்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

திரும்பி வரும் வழியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து இளம் பொடியன்களையெல்லாம் இறக்கினார்களாம். பஸ் அவர்கள் இல்லாமல் வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு இரண்டு தாய்மாரும் போகாத ஆமி முகாம் வாசல் இல்லை. ஒரே குடைக்குக் கீழே நின்றார்கள், ஒரே போத்தல் தண்ணீரைக் குடித்தார்கள், ஒரே பதிலைக் கேட்டுத் திரும்பினார்கள். அப்படி யாரும் இங்கே இல்லை என்பதுதான் அந்தப் பதில். மற்ற நேரங்களில் அமராவதி போர்வையைத் தைத்தாள். அவன் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஒரு வெறி.

ஒரு மாதம் கழித்துப் பொன்னையா மாஸ்ரர் சைக்கிளில் வந்தார். காணாமல் போன பிள்ளைகளின் பெயர்களை எழுதிக்கொண்டு ஊரூராய்த் திரிகிறவர். அவர் வந்தால் நாய்கூடக் குரைக்காது. ஏரம்பு வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து, ஒரு கடித உறையை மடியில் வைத்துக்கொண்டார்.

"காட்டுக்கை விறகு வெட்டப் போன ஆக்கள் அஞ்சு பிரேதம் கண்டிருக்கினம். கிடந்து கனநாள். முகம் தெரியேல்லையாம். அங்கையே குழி வெட்டித் தாட்டுப்போட்டு, ஆரும் அடையாளம் காணட்டுமெண்டு சேட்டுகளிலை துண்டு வெட்டி வைச்சிருக்கினம். உங்கடை பொடியள் ரெண்டு பேரும் நீலக்கோட்டுச் சேட்டு எண்டு சொன்னனீங்கள். நீலக்கோடு ஒண்டுதான் இருக்குது."

ஒன்றுதான். இரண்டு பிள்ளைகளில் ஒருவன்.

அன்னபாக்கியம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான் பாக்கமாட்டன். அமராவதி, நீயே பார். நீ தைச்சதுதானே."

அமராவதி உறையைக் கையில் வாங்கினாள். திறப்பதற்கு முன்னால் கண்ணை மூடி வேண்டினாள். கோடு நேராக இருக்கவேண்டும், மாரியாத்தா, நேராக இருக்கவேண்டும். என்ன வேண்டுகிறோம் என்று தெரிந்தேதான் வேண்டினாள். சுவரில் முகத்தை வைத்து நிற்கிறவளின் பிள்ளை சாகவேண்டும் என்பதுதான் அந்த வேண்டுதல். அதையும் நினைத்துவிட்டு இன்னொரு முறை வேண்டினாள்.

உள்ளே ஒரு பொக்கற், அதைச் சுற்றி நெஞ்சுத் துணி கொஞ்சம். கறை பட்டிருந்தாலும் கோடு தெரிந்தது. பொக்கற்றின் கோடும் துணியின் கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து நேராக ஓடின.

"வடிவாப் பாத்துச் சொல்லு பிள்ளை. பிழையாச் சொல்லக்கூடாது" என்றார் பொன்னையா.

"என் கையால வெட்டுனதுங்க ஐயா. பிழை வராது." "இது தயாபரன் தம்பியோடதுங்க."

ஏரம்பு கதிரையிலிருந்து எழும்பி, எங்கே போவதென்று தெரியாமல் மறுபடியும் இருந்தார். அன்னபாக்கியம் சரிந்து விழுந்தாள். அமராவதி ஓடிப்போய் அவளைத் தாங்கிக்கொண்டு சேர்ந்து கதறினாள். அந்த அழுகை பொய் இல்லை. ஆனால் அதற்கு அடியில், என் பிள்ளை இல்லை, என் பிள்ளை இல்லை என்று ஒன்று குதித்துக்கொண்டிருந்தது. அதை அவளால் அடக்க முடியவில்லை.

உடல் கிடைக்காதவனுக்குத் தர்ப்பையால் உருவம் செய்து எரிப்பது வழக்கம். ஐயர் வந்து உருவத்தைக் கட்டினார். அந்தப் பொக்கற்றை அதன் நெஞ்சில் வைத்தார்கள். வைப்பதற்கு முன் அன்னபாக்கியம் அமராவதியின் கையைப் பிடித்தாள்.

"இதுவும் எரிஞ்சுபோனால் எனக்கெண்டு ஒண்டும் இல்லையடி. அந்தத் துணியிலை ஒரு துண்டு உன்ரை போர்வையிலை இருக்குதெல்லே. அதை எனக்குத் தா."

பொங்கலுக்கு முன்னால் பிரிக்கச் சோம்பல்பட்ட தையலை அமராவதி அன்றைக்கு ஒரு நொடியில் பிரித்தாள். போர்வையில் ஒரு சாண் ஓட்டை விழுந்தது. போனால் போகட்டும், என் பிள்ளை வந்ததும் வேறு துண்டு வைக்கலாம் என்று நினைத்தாள். ஏரம்பு கொள்ளி வைக்கப் போனார். வீரபாகுவும் கூடப் போய், விறகு அடுக்கி, எரிந்து முடியும்வரை நின்றுவிட்டு வந்தான்.

எட்டாம் நாள் செலவுப் படையலுக்கு அந்த வீட்டுக் குசினியில் அமராவதிதான் சமைத்தாள். எல்லோரும் போனபின் குசினி மூலையில் உட்கார்ந்து இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளுக்குப் பசித்தது. வெட்கம் கெட்ட பசி. வீட்டுக்குப் போய் சிவலட்சுமிக்குத் தலை வாரிவிட்டு, "அண்ணன் வந்துருவான் புள்ள" என்றாள். நிச்சயமாகச் சொன்னாள்.

சித்திரை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். வாய்க்காலில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். வாய்க்கால் கட்டு நெடுக ஒருவன் நடந்து வந்தான். மெலிந்த உருவம், மொட்டைத்தலை. எதிர்வெயிலில் முகம் தெரியவில்லை. நீலக்கோட்டுச் சேட்டு தெரிந்தது. கிட்ட வர வர நெஞ்சில் பொக்கற் தெரிந்தது. கோடு குறுக்கே ஓடியது.

"ராசு! அடே ராசு! எஞ்சாமி!"

துணி தண்ணீரோடு போனது. ஈரச்சேலை காலைத் தட்ட, விழுந்து எழும்பி ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள்.

தயாபரனின் முகம்.

அவள் கைகள் அப்படியே நின்றுவிட்டன. "இந்தச் சேட்டு… இது ஒனக்கு எப்பிடித் தம்பி?"

"பஸ்ஸுக்கு நிக்கேக்கை மாத்தினனாங்கள் அக்கா. பட்டணத்திலை ஆரும் பாத்துச் சிரிப்பினம் எண்டு அவனுக்கு ஒரே வெக்கம். எனக்கென்ன, நான் போடுறன் எண்டு கழட்டிக் குடுத்தனான்." அவன் அவளைத் தாண்டி அவள் குடிசைப் பக்கம் பார்த்தான். "எங்களை வேறை வேறையாய்த்தான் கொண்டு போனவங்கள். என்னை இப்பதான் விட்டவங்கள். ராசு வந்திட்டானே அக்கா?"

அமராவதியின் கண் அந்தக் குறுக்குக்கோட்டிலேயே நின்றது. சொன்னவள் அவள்தானே, என் கையால் வெட்டியது, பிழை வராது என்று. அதற்குள் யாரோ கண்டு கத்த, அன்னபாக்கியம் தலைமயிர் அவிழ ஓடி வந்து மகனின் காலில் விழுந்தாள். ஊரே கூடியது. அமராவதியை விலக்கிக்கொண்டு ஓடினார்கள். அவளைப் பார்த்து யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. நல்ல நேரத்தில் கெட்ட கணக்கை யார் போட்டுப் பார்ப்பார்கள்.

பொன்னையா மாஸ்ரர்தான் போட்டுப் பார்த்து அன்னபாக்கியத்துக்குச் சொல்லியிருக்கவேண்டும். பின்னேரம் அமராவதியின் குடிசைக்கு அன்னபாக்கியம் தனியே வந்தாள். கண் வீங்கியிருந்தது. கையில் மகன் கழற்றிய சேட்டு, அதன் மேல் அந்தச் சாண் துணி. "அமராவதி…" என்றாள். இரண்டையும் அமராவதியின் மடியில் வைத்துவிட்டு நிலத்தில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

வாசல் கம்பத்தில் சாய்ந்திருந்த வீரபாகு யாரையும் பார்க்காமல் பேசினான். "எம்புள்ளைக்குத்தான் வெறகு அடுக்குனேனா நான்? கொள்ளியும் நான் வெக்கல. வேற பேரச் சொல்லியில்ல அனுப்பிட்டோம்."

அமராவதி சேட்டை எடுத்து முகத்தில் வைத்து மூச்சை இழுத்தாள். இரண்டு மாதம் அடைபட்டுக் கிடந்த தயாபரனின் வியர்வை மணத்தது. ராசுவின் வாசம் ஒரு துளிகூட இல்லை. அவன் இதை எத்தனை நாள் போட்டான்? பொங்கலன்று முழுநாளும் போட்டான். பிறகு பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போட்டான், அதுவும் கையைக் கட்டி மறைத்துக்கொண்டு.

சேட்டைத் தொடையில் விரித்துச் சுருக்கம் நீவினாள். போர்வையிலிருந்து பிரித்த சதுரத்தை எடுத்து, ஓரத்தில் ஒட்டியிருந்த நூல்களைத் தட்டிவிட்டு, குறுக்குக்கோட்டுப் பொக்கற்றின் மேல் வைத்தாள். விரலால் ஒரு நூலளவு தள்ளினாள். நெஞ்சுக் கோட்டின் மேல் கோடு விழுந்தது. அளவும் போதும், மடித்துத் தைக்க மிச்சமும் இருந்தது. பொக்கற் இருந்ததே தெரியவில்லை.