கதவோரம் மாட்டிய வெப்பமானி

14-5-1974, செவ்வாய்.

காளான் அறையின் வெப்பமானியை நான் தவறான இடத்தில் மாட்டியிருக்கிறேன். உள்ளே போகாமலே பார்த்து எழுத வசதி என்று கதவை ஒட்டி ஆணி அடித்தேன். ஆறு நாளாகக் காலையும் மாலையும் கதவைத் திறந்து, முப்பத்து மூன்று டிகிரி என்று குறித்தேன். கதவு வழியாக வந்த காற்றைத்தான் அளந்திருக்கிறேன்.

இதைக் கண்டுபிடித்தவர் செல்லியம்மாள் அண்ணி. வைக்கோல் படுக்கைகளுக்குத் தண்ணீர் தெளிக்கப் போனவர் வேர்த்து வழிய வெளியே வந்தார்.

"இன்னா பூவராகா, உள்ள இட்லி வெந்துனு கீது. நீ முப்பத்து மூணுன்னு எழுதிக்கினு கீறே?"

"காளான் கிளாஸ்ல அந்தச் சூடுதான் வேணும்னாங்க அண்ணி."

"வேணும்னா எழுதிட்டா வந்துடுமா? மேல்தட்டாண்ட கைய வெச்சுப் பாரு."

வெப்பமானியைக் கழற்றி மேல்தட்டில் வைத்தேன்; நாற்பத்தொன்று காட்டியது. வைக்கோலில் தூவிய காளான் வித்துக்காக இரண்டு மாதம் காத்திருந்தோம். இந்தச் சூட்டில் இன்னொரு நாள் கிடந்தால் அது செத்துவிடும். உடனே கூரை உச்சியில் நான்கு ஓடுகளைக் கழற்றினோம். கீழே சன்னலைத் திறந்து ஈரச் சாக்கைத் தொங்கவிட்டோம். ஐந்து மணிக்கு மேல்தட்டே முப்பத்தைந்துக்கு இறங்கியது. அங்கே உள்ள வித்து பிழைத்ததா என்று தெரியவில்லை. ஆனால் கீழ்த்தட்டில் குண்டூசித் தலை அளவில் வெள்ளை மொட்டுகள் வந்திருந்தன.

"எத்தினின்னு எண்ணி எழுது. கதவாண்ட நின்னு எண்ணாதே" என்றார் அண்ணி. பதினொன்று. எண்ணியதில் மாலைக் காளான் வகுப்புக்குத் தாமதம்.

நாளை வெயில் ஏறுமுன், ஓடு கழற்றிய இடத்துக்கு மேலே தென்னங்கீற்று கட்டி நிழல் போட வேண்டும்.