நிக்கல் கம்பியும் நாத்தனாரும்

மூன்று மாதமாக அந்த வீட்டில் பாத்திரம் தேய்ப்பது நாத்தனார்தான். சும்மா தேய்க்கவில்லை, தெருவுக்கே கேட்கிற மாதிரி தேய்த்தாள். ஒவ்வொரு தட்டையும் 'ணங்'கென்று கவிழ்க்கும்போது, எனக்கும் ரெண்டு கைதான் இருக்கு என்ற செய்தி சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்து சேரும். கூடத்தில் விரல்களுக்குக் களிம்பு பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அண்ணிக்கு அது நன்றாகவே கேட்கும். என்ன செய்ய? விரல் புண்ணுக்குச் சோப்புதான் காரணம், அவள் அதைத் தொடக்கூடாது என்று வீடே கூடி முடிவெடுத்திருந்தது.

அண்ணி பகலில் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பதறிப்போய் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதிப்பவர்களோடு பத்து மணி நேரம் இருந்துவிட்டு, வாரத்தில் இரண்டு சாயங்காலம் ஒரு இசைக்குழுவில் பேஸ் கிடார் வாசிப்பாள். அந்த இரண்டு சாயங்காலம் இல்லாவிட்டால் யாரையாவது கடித்து வைத்திருப்பேன் என்று அவளே சொல்லிக்கொள்வாள். எட்டு வருஷமாக அப்படித்தான் ஓடியது.

முதலில் விரல் நுனியில் நமைச்சல். பிறகு சிவந்தது, தோல் உரிந்தது, வெடித்தது. கிடாரின் பழைய கம்பியில் அழுக்கு சேர்ந்திருக்கும் என்று புதுக் கம்பி மாட்டினாள். இன்னும் மோசமானது. மறுபடியும் புதுசு மாட்டினாள். இரண்டு ஒத்திகைக்குப் போக முடியவில்லை. குழுவை நடத்தும் கீபோர்டுக்காரர் நல்ல மனுஷர், சத்தம் போடத் தெரியாதவர்.

"மாசக் கடைசிக் கச்சேரிக்குக் கை சரியாகலன்னா முன்னாடியே சொல்லிடும்மா. இன்னொருத்தர் தயாரா இருக்காரு" என்றார் போனில்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இன்னொருத்தர் வந்து நின்றுவிட்டால் அந்த இடம் திரும்பிக் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். அன்று சாயங்காலம் களிம்பு டப்பாவின் மூடியைத் திறக்க முடியாமல் அழுதுகொண்டிருந்தாள்.

நாத்தனார் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். அவளுக்கு ஒரு பெரிய கடையில் தோடு விற்கும் கவுண்டரில் வேலை. காது குத்துவதும் அவளே, புண்ணான காதோடு சண்டைக்கு வருகிறவர்களைச் சமாளிப்பதும் அவளே. டப்பாவைப் பிடுங்கித் திறந்தவள், அண்ணியின் கைகளை விளக்குக்குக் கீழே இழுத்தாள்.

"அண்ணி, இடது கையில கட்டைவிரல் மட்டும் ஏன் நல்லாருக்கு?"

"எனக்கென்ன தெரியும்?"

"வலது கையில ரெண்டே விரல்தான் போயிருக்கு. மத்ததெல்லாம் ஜம்முனு இருக்கு. சோப்பு என்ன, ஆள் பார்த்து விரல் பார்த்தா கடிக்கும்?"

அண்ணி தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். இடது கையில் கம்பியை அழுத்துகிற நாலு விரல்கள். கட்டைவிரல் பின்னால் மரத்தில் இருக்கும். வலது கையில் மீட்டுகிற இரண்டு. கம்பியைத் தொடுகிற விரல்கள் மட்டும்தான்.

"உங்களுக்குக் கவரிங் தோடு ஒத்துக்குமா?"

"ஒத்துக்காது. சின்ன வயசுலேயே காது புண்ணாகி, அதுக்கப்புறம் போடறதையே விட்டுட்டேன்."

"கம்பி எதுல செஞ்சது?"

அண்ணி உறையை எடுத்து நீட்டினாள். கொட்டை எழுத்தில் 'நிக்கல்' என்று போட்டிருந்தது. நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கவரிங் தோட்டுலயும் இதுதான்! வருஷக்கணக்கா தாங்கிட்டு, திடீர்னு புண்ணாகி, தினம் பத்துப் பேர் இதே கதையோட வர்றாங்க! எவர்சில்வர் தோடு மாத்திக் குடுத்தா முக்கால்வாசிப் பேருக்குச் சரியாயிடுது. அதுல கம்பி கிடைக்காதா?"

"கிடைக்கும். ஆனா சத்தம் கூர்மையா வரும், கைக்கும் சொரசொரன்னு இருக்கும். கீபோர்டுக்காரருக்குப் பிடிக்காது."

"தோல் உரியறது அவருக்கா?"

அண்ணி சொன்னது உண்மைதான், முழு உண்மை இல்லை. நிக்கலின் சத்தம் மெத்தென்று இருக்கும். சின்னச் சின்னத் தப்புகளையெல்லாம் போர்த்தி மூடிவிடும். எட்டு வருஷம் அந்தப் போர்வைக்குள் சுகமாக இருந்தாயிற்று. எவர்சில்வர் ஒன்றையும் மறைக்காது.

பத்து நாள் கிடாரைத் தொடாமல் விரல்களை ஆறவிட்டாள். பிறகு எவர்சில்வர் கம்பி மாட்டிக்கொண்டு ஒத்திகைக்குப் போனாள். விரல் நகர்ந்தபோதெல்லாம் 'கீச்' என்றது. கீபோர்டுக்காரர் முகத்தைச் சுளித்தார்.

"பல்லு கூசுதும்மா. கச்சேரிக்கு ஒரு நாள் மட்டும் பழைய கம்பியில சமாளிச்சுடேன்."

ஒரு நாள்தானே என்று அவளுக்கும் நாக்கு நுனி வரை வந்தது. புதுத்தோல் வந்திருந்த விரல்களைப் பார்த்தாள்.

"முடியாதுங்க. இதுலதான் வாசிப்பேன். சரியா வரலன்னா அந்த இன்னொருத்தரையே கூப்பிட்டுக்குங்க."

சொல்லிவிட்டுக் கிடாரைக் கழற்றாமல் நின்றாள்.

"ஒரு வாரம் பார்ப்போம்" என்றார்.

அந்த ஒரு வாரம் முதன்முதலாகக் கிடாரைப் பிடித்தவள் மாதிரி உழைத்தாள். சத்தத்தின் கூர்மையைக் குறைக்கும் திருகை இறக்கினாள், மீட்டும் இடத்தைக் கிடாரின் கழுத்துப் பக்கம் தள்ளினாள், விரலை இழுக்காமல் தூக்கி வைக்கப் பழகினாள். அடுத்த ஒத்திகையில் மூன்றாவது பாட்டுக்குப் பிறகு கீபோர்டுக்காரர் அவள் பக்கம் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டார். கிளம்பும்போது, "ஞாயித்துக்கிழமை நேரத்துக்கு வந்துடு" என்றார், அவ்வளவுதான். அவளுக்கு அது போதும்.

கச்சேரி முடிந்து அரங்கத்துக்கு வெளியே வந்தபோது, வழக்கம்போல நாத்தனார் அவள் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதீங்க."

"சொல்லு."

"எட்டு வருஷமா ஒரு கச்சேரி விடாம வர்றேன். நீங்க வாசிக்கிறது எது, மத்தவங்க வாசிக்கிறது எதுன்னு எனக்குத் தெரிஞ்சதே இல்ல. நீங்க தலையாட்டினா நல்லாருக்கு போலன்னு கை தட்டுவேன். இன்னிக்குத்தான் கேட்டுச்சு."

அண்ணி பாட்டிலை வாங்கிக்கொண்டாள். ஒன்றுமே கேட்காமல் ஒருத்தி எட்டு வருஷம் தனக்காக வந்து உட்கார்ந்திருக்கிறாள். பாத்திரத்தின் 'ணங்' மட்டும்தான் இவள் காதில் விழுந்திருக்கிறது.

"உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலடி" என்றாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வாங்க."

வீட்டில் தொட்டி நிறையப் பாத்திரம் கிடந்தது. அண்ணி சோப்பை எடுத்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு கைபட்ட நுரை அவ்வளவு சுகமாக இருந்தது. நாத்தனார் தூங்கப் போகாமல் துண்டோடு பக்கத்தில் வந்து நின்றாள். ஒருத்தி தேய்த்துக் கொடுக்க, ஒருத்தி துடைத்து அடுக்கினாள். அன்றைக்கு ஒரு தட்டுகூட 'ணங்'கென்று விழவில்லை.