மதிலோரம் தேங்கிய குளிர்

"குளிர் எங்கேப்பா தூங்கும்?" என்று சின்னவரின் மகள் சிறு வயதில் ஒருமுறை கேட்டாள். "மலை உச்சியிலம்மா" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அவர் கவாத்து வேலைக்குப் போய்விட்டார். சொன்னது தப்பு என்று புரிய இத்தனை வருடம் ஆயிற்று.

பள்ளத்தாக்கின் சரிவில் மேல்பாதித் திராட்சைத் தோட்டம் சின்னவரின் அண்ணியுடையது, கீழ்பாதி சின்னவருடையது. அங்கே பகல் வெயில் பழத்துக்கு இனிப்பேற்றும். இராக்குளிர் புளிப்பைப் போகவிடாமல் பிடித்துவைக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒயினில் ருசி நிற்கும். அதே குளிர் வசந்தத்தில் உறைபனியாகப் படிந்தால் தளிரெல்லாம் கருகிவிடும். போன வசந்தத்தில் அண்ணியின் கீழ் வரிசைகள் அப்படித்தான் போயின. அதற்கும் கீழே இருந்த சின்னவரின் கொடிகளில் ஓர் இலைகூட வாடவில்லை.

இரண்டு தோட்டத்துக்கும் நடுவே, காட்டுப்பன்றிக்குப் பயந்து போன வசந்தத்துக்குச் சற்று முன் சின்னவர் எழுப்பிய மார்பளவுக் கல்மதில். அதற்கு அந்தப் பக்கம், கவாத்தில் கழித்த குச்சிகளை அண்ணி இந்த வசந்தத்தின் ஒரு மாலையில் கொளுத்திக்கொண்டிருந்தார்.

"என்ன ராஜா, கோட்டை கட்டியாச்சு. அகழி எப்போ?"

"முதலைக்குச் சொல்லி வெச்சிருக்கேன் அண்ணி. வந்ததும் வெட்டிடலாம்."

அண்ணியின் சிரிப்பு பாதியில் நின்றது. "இந்த வருஷமும் கருகுச்சுன்னா என்னால தாங்க முடியாது தம்பி. நிலத்தை வித்துட்டுப் பொண்ணோட போய் இருந்துக்கறேன்."

 சின்னவரின் கண் புகைமேல் போயிற்று. காற்று அசையவில்லை. குளிரோடு குளிராகப் புகையும் சரிவில் தவழ்ந்து இறங்கி, மதிலில் முட்டி, அண்ணியின் கீழ் வரிசைகளுக்குள் குளம்போலத் தேங்கி நின்றது. மதிலுக்கு இந்தப் பக்கம் ஓர் இழைகூட வரவில்லை. போன வசந்தத்தில் குளிரும் இங்கேதான் தேங்கியிருக்கும் என்று அவருக்கு உறைத்தது.

மதிலைத் திறந்தால் குளிர் அவர் கொடிகளின் வழியாகத்தான் கீழே போகும்.

முன்பு ஓர் அறுவடையின்போது சின்னவர் கால் முறிந்து கிடந்தார். மழை முந்திக்கொள்ளுமோ என்று அண்ணி தன் ஆட்களை முதலில் அவர் தோட்டத்துக்குத்தான் அனுப்பினார். அண்ணியின் பழத்தில் பாதி நனைந்து அழுகியது. அதை அண்ணி யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை. சின்னவரும் நன்றி என்று வாய் திறந்ததில்லை.

மறுநாள் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. இரவில் உறைபனி என்றது வானொலி. கொடிகளைப் போர்த்தச் சாக்கு வாங்க அண்ணி டவுனுக்குப் போயிருந்தார்.

சின்னவர் கடப்பாரையை எடுத்தார். "ஆண்டவனே, பாதியையாவது எனக்கு விட்டுவை" என்று வேண்டினார். கடவுளிடம் போய்ப் பேரம் பேசுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. வேண்டுதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்து, வண்டி நுழையும் அகலத்துக்குத் திறந்துவிட்டார்.

பொழுது சாய்ந்தது. திறப்பின் வழியே குளிர் இறங்கி, அவர் கணுக்காலை உரசிக்கொண்டு, அவருடைய முதல் வரிசைத் தளிர்களை நோக்கி நகர்ந்தது. அவர் ஓரமாக ஒதுங்கி அதற்கு வழிவிட்டார்.