வலது பக்கத்து ஜன்னல்

ராயபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் கூட்டம் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி மீன் வாங்கப் போகும், மறுபாதி இன்னாசி வீட்டுக்கு ரயில் பார்க்க வரும். மறுபாதி என்பது கொஞ்சம் கூடுதல்தான். பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். ஆனால் இன்னாசியைக் கேட்டால் ஊரே திரண்டு வந்தது என்பார். முப்பத்தோரு வருஷம் கரி இன்ஜின் ஓட்டி, எழுபதாம் வருஷம் ரிட்டயர் ஆனவர். மூன்று வருஷமாக வீட்டில் சும்மா இருக்க முடியாமல் செய்த வேலை அந்த ரயில்.

செய்தது நன்றாகத்தான் இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. துறைமுகத்தில் கழித்துப் போட்ட பலகைகளைச் சேர்த்து, கூடத்தையே அடைக்கிற மாதிரி ஒரு மேஜை. பெட்டிகளுக்குச் சுற்றிவரும் தகரப் பட்டையை வெட்டித் தண்டவாளம். முகப்பவுடர் டப்பா பாய்லர் ஆனது, தையல் மெஷின் பாபின்கள் சக்கரம் ஆயின, பழைய சுவர்க்கடிகாரத்தின் ஸ்பிரிங் அதை இழுத்துக்கொண்டு ஓடியது. ராயபுரத்திலிருந்து வடக்கே போகும் பாதை, பாலம், தண்ணீர்த் தொட்டி, ஈர்க்குச்சியில் செய்த சிக்னல் கைகாட்டிகள் என்று எல்லாம் அளவு பார்த்து வைத்திருந்தார். சாப்பிட உட்கார இடமில்லாமல் ஃப்ளோரன்ஸ் மூன்று வருஷமாகச் சமையல்கட்டில்தான் தட்டு வைத்தாள்.

ரயிலை ஓட்டிக் காட்டுவதோடு மனுஷர் விட்டால் பரவாயில்லை. கதையும் சொல்வார். மாடு குறுக்கே வந்த கதை, புயலில் ஓட்டிய கதை எல்லாம் முடிந்ததும் யாராவது ஒருவர், "அந்த மோதுன கதைய சொல்லு நைனா" என்பார். அதற்குத்தான் காத்திருந்தவர் போல இன்னாசி தொண்டையைச் செருமிக்கொள்வார்.

"அறுபத்தொண்ணு. கூட்ஸ் வண்டி. வலது பக்கமா வளையுற எடம், நான் நிக்கிற இடது பக்கத்துலேர்ந்து பாய்லர் மறைக்கும், கைகாட்டி தெரியாது. கரி அள்ளிப் போடுற ஃபயர்மேன்தான் பாத்து சொல்லணும். பக்ருதீன்னு ஒர்த்தன். 'ரைட்டு'ன்னு கூவுறான். நானும் நம்பிகினு போறேன். பாத்தா முன்னால ஒரு வண்டி நின்னுகினு கீது. கண்ணு அவிஞ்சவன நம்பி நான் இன்னா பண்றது?"

எல்லாரும் சிரிப்பார்கள். உயிர்ச்சேதம் இல்லாத விபத்து, சிரிக்கலாம். ஃப்ளோரன்ஸ் மட்டும் சிரிக்க மாட்டாள். தன் புருஷன் அன்றைக்குப் பிழைத்ததே பெரிது என்று நினைப்பவள் அவள். அந்த பாய் வேலை போய் என்ன ஆனாரோ, ஆண்டவர் அவர் தப்பை மன்னிக்கட்டும் என்று சாயங்கால ஜெபத்தில் தவறாமல் சேர்த்துக்கொள்வாள். பக்கத்தில் முழங்காலில் இருக்கும் இன்னாசி, "ஆமென்" என்பார்.

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பக்ருதீன் 'ரைட்' என்று கூவவே இல்லை.

இன்ஜினில் ஒரு வழக்கம் உண்டு. ஃபயர்மேன் கைகாட்டியைப் பார்த்துக் கூவினால் டிரைவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். காதில் விழுந்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அன்றைக்குப் பதினாறு மணி நேர வேலை. கோயிலில் உபதேசியார் புனிதர்களின் பேரை வரிசையாகச் சொல்லச் சொல்ல, கூட்டம் அரைத் தூக்கத்திலேயே "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லிக்கொண்டு வருமே, அப்படித்தான் ஆயிற்று. பக்ருதீன், "டேஞ்சர்" என்று கூவினார். இன்னாசியின் வாய், "டேஞ்சர்" என்று திருப்பிச் சொன்னது. கை பிரேக்குக்குப் போகவில்லை. பதில் வந்துவிட்டதே என்று பக்ருதீன் குனிந்து கரி அள்ளப் போனார்.

விசாரணையில் இருந்தவர்கள் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டார்கள். இன்னாசி சிலுவை போட்டுக்கொண்டு, 'ரைட்' என்றுதான் காதில் விழுந்தது என்றார். டிரைவருக்கு முப்பது நாள் சஸ்பென்ஷன், ஃபயர்மேனுக்கு வேலையே போயிற்று. பாவசங்கீர்த்தனத்தில்கூட இன்னாசி அதைத் தனியாகச் சொன்னதில்லை. "பொய் சொன்னேன் சாமி, மூணு தடவ" என்று சில்லறைப் பாவங்களோடு சேர்த்துத் தள்ளிவிட்டிருந்தார்.

அந்தப் பக்ருதீன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் வந்து நின்றார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. கையில் எண்ணெய்க் கறை. ஃப்ளோரன்ஸ் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள்.

"டிரைவரே, நல்லா கீறியா?"

 இன்னாசி உள்ளே வரச் சொன்னார். பக்ருதீன் மேஜையைச் சுற்றி நிதானமாக நடந்து பார்த்தார். குனிந்து பாபின் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"சோக்கா செஞ்சிகீறே," என்றார். "சௌக்கத் அலி சொன்னான். எங்க வண்ணாரப்பேட்டையில டீக்கட வெச்சிகீறான். ரெண்டு வாரம் மின்ன இங்க வந்து பாத்தானாம். நீ சொன்ன கதையையும் கடையில சொல்லி சிரிச்சிகினு இருந்தான். அது நான்தான்னு அவனுக்கு தெரியாது. என் வூட்டுக்காரி பால் வாங்க நின்னுகினு இருந்தா. எல்லாத்தையும் கேட்டுட்டு வந்தா."

பக்ருதீன் சக்கரத்திலிருந்து கையை எடுத்தார்.

"நீ விசாரணைல சொன்னத நான் எப்பவோ வுட்டுட்டேன். புள்ள குட்டிக்காரன், வேலைக்கு பயந்து சொன்ன. அது ஒரு தபா. இப்ப இன்னாத்துக்கு சொல்றே, டிரைவரே? ரிட்டயர் ஆயிட்ட. ஒன்ன யாரு கேக்கப் போறா? சொம்மா சிரிக்கறதுக்கா?"

 உண்மையில் அது சிரிக்கறதுக்குத்தான். நூறு தடவை சொல்லி, கதை அவருக்கே பழகிப்போய், பக்ருதீன் என்று ஒரு ஆள் எங்கேயோ மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார் என்பதே மறந்துபோயிருந்தது. தன்னைப் போல ஒரு கேடுகெட்டவன் உண்டா என்று அந்த நிமிஷம் நினைத்தார்.

"ஆபீஸுல சொல்ல வேணாம். எழுதித் தர வேணாம். மணலியில டாங்கர் லாரி கழுவறேன், சோறு துன்றேன். எனக்கு இன்னும் எத்தினி நாளு? என் வூட்டுக்காரிகிட்ட மட்டும் சொல்லு. கோயிலுக்குப் போற மனுசன், சிலுவ போட்டுகினு பொய் சொல்வாரான்னு கேக்கறா. பன்னெண்டு வருசமா நான் சொல்றது எதுவும் எங்க வூட்ல எடுபடல. ஞாயித்துக்கெழம சாயங்காலம் கூட்டினு வரேன்."

"வா," என்றார் இன்னாசி.

சொல்லிவிட்டாரே தவிர, அடுத்த ஐந்து நாளும் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பெரம்பூரில் இருக்கும் மகள் ஐரீன் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வரலாமா என்று ஃப்ளோரன்ஸிடம் கேட்டார். கூட்டம் வர்ற நாளில் உங்களுக்கு என்ன திடீர்னு மகள் ஞாபகம் என்று அவள் சிரித்தாள். காய்ச்சல் என்று படுத்துப் பார்த்தார். அவள் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்து, ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்ததா என்று கேட்டு மூடிக்கொண்டார்.

ஞாயிறு காலை ரயில் பார்க்க வந்தவர்களை ஸ்பிரிங் அறுந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார். சாயங்காலம் பக்ருதீன் முன்னால் வர, காத்தூன் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் வந்தாள். கையில் ஒரு பொட்டலம் சமோசா. வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக்கூடாது என்று வாங்கி வந்திருந்தாள். அதைப் பார்த்ததும் இன்னாசிக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது.

"யாருங்க இவங்க?" என்று ஃப்ளோரன்ஸ் கேட்டாள்.

"பக்ருதீன்," என்றார். "என் ஃபயர்மேன்."

 ஃப்ளோரன்ஸ் நல்ல நாற்காலி இரண்டையும் இழுத்துப் போட்டாள். பக்ருதீனுக்கு முன்னால் வந்து நின்று, நிஜமான அன்போடு சொன்னாள்.

"ஒக்காருங்க பாய். எதுவும் மனசுல வெச்சிக்காதீங்க. நாங்க உங்கள மன்னிச்சி எத்தினியோ வருசம் ஆச்சி."

பக்ருதீன் இன்னாசியைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. அவர் சும்மா பார்த்தார், அவ்வளவுதான்.

இன்னாசி ரயிலுக்குச் சாவி கொடுத்தார்.  பழக்கதோஷம், வாய் பாட்டுக்குத் தொடங்கிவிட்டது. இது ராயபுரம், இது பாலம், இது தண்ணீர்த் தொட்டி. வளைவு வந்ததும் ரயிலைப் பிடித்து நிறுத்தினார்.

"அன்னிக்கு பாத்தீங்கன்னா, பயங்கர பனி," என்றார். "எதுத்தாப்புல ஒண்ணும் தெரியல. யாரயும் சொல்லி குத்தமில்ல..."

பனியாவது ஒன்றாவது. சித்திரை மாசத்து வெயில் அன்றைக்கு. பக்ருதீன் மறுத்துப் பேசவில்லை. சமோசாப் பொட்டலத்தின் நூலை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவ்வளவுதான் கிடைக்கும் போல என்று அவர் அதற்கும் தலையாட்டத் தயாராகிவிட்டது இன்னாசிக்குத் தெரிந்தது. அதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை.

"அப்ப இவரு இன்னான்னு கூவுனாருண்ணே?" என்று காத்தூன் பீவி கேட்டாள்.

இன்னாசி அவளை எழுந்து வரச் சொன்னார். மேஜையில் கன்னத்தை வைத்து, இன்ஜினின் இடது பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொன்னார்.

"இது நான் நிக்கிற எடம். கைகாட்டி தெரியுதாம்மா?"

"டப்பாதான் தெரியுது."

"இந்தாண்ட வா. வலது பக்கத்து ஜன்னல். இது இவரு எடம்."

அவள் சுற்றி வந்து குனிந்தாள். "தெரியுது. செவப்புக் கை. நீட்டிகினு கீது."

"அத்த பாத்துட்டுதான் இவரு 'டேஞ்சர்'னு கூவுனாரு. என் காதுல விழுந்திச்சி. நானும் 'டேஞ்சர்'னு திருப்பி சொன்னேன். தூக்கக் கலக்கம், வாய் சொல்லிச்சி, கை வேல செய்யல. வேல பூடுமேன்னு பயந்து, இவரு 'ரைட்டு'ன்னு சொன்னாருன்னு விசாரணைல மாத்தி சொன்னேன். அப்பால இந்த வெளாட்டு ரயில வெச்சிகினு, வரவன் போறவன்கிட்ட எல்லாம் சொன்னேன். அத்தனையும் பொய்யிம்மா."

தன் குரலைத் தானே கேட்கக் கூசியது இன்னாசிக்கு. திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார். காத்தூன் பீவி அவர் பக்கமே திரும்பவில்லை. புருஷன் முன்னால் போய் நின்று முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பொண்ணுக்கு மாப்புள பாத்துட்டு வந்து சொன்னப்பகூட, ஒன் கண்ணு லட்சணம்தான் தெரியுமேன்னு சொன்னேனே," என்றாள். "புள்ளைங்க எதுத்தாப்புல சொன்னேனே."

"வுடு," என்றார் பக்ருதீன். "இப்ப தெரிஞ்சிகிட்ட இல்ல. வுடு."

இன்னாசி அதுவரை அந்த மனுஷரின் வேலையைத்தான் பறித்ததாக நினைத்திருந்தார். அவர் வீட்டுக்குள்ளேயே போய் அவர் வார்த்தையையும் பறித்துவிட்டு வந்திருக்கிறோம் என்பது இப்போதுதான் உறைத்தது. 

டீ குடிக்க அவர்கள் உட்காரவில்லை. கிளம்பும்போது பக்ருதீன் வாசற்படியில் திரும்பி, இன்னாசியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"ரொம்ப நன்றி, டிரைவரே. பெரிய மனசு ஒனக்கு."

"பரவால்ல பாய்," என்றார் இன்னாசி. "பாத்து போங்க."

தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். மனசு லேசானது போல இருந்தது. பன்னிரண்டு வருஷத்துச் சுமை, எப்படியோ சொல்லி முடித்தாயிற்று என்று பெருமூச்சு விட்டபடி உள்ளே வந்தார். ஃப்ளோரன்ஸ் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். பொய்யைப் பற்றிக் கேட்பாள், அழுவாள், எதற்கும் தயார் என்று அவர் நினைத்தார். அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"அந்த மனுசரு உங்களுக்கு நன்றி சொன்னாரு," என்றாள். "நீங்க அத வாங்கிக்கினீங்க."