காலிப் பெட்டி நிற்க வேண்டும்

பெட்டி மறுபடியும் மல்லாந்து விழுந்தது. கோப்பையில் இருந்தது வெறும் தண்ணீர்தான், டீ இல்லை. இருந்தாலும் டேப்பக்கா சூடு பட்டவள் போலப் பின்வாங்கினாள்.

பயணப் பைகள் தைக்கும் அந்தப் பட்டறையில் அவளுடைய சொந்தப் பேர் யாருக்கும் ஞாபகமில்லை. இஞ்சு டேப் கழுத்தைவிட்டு இறங்குவதே இல்லை என்பதால் டேப்பக்கா. புதுச் சாமான் எதுவானாலும் அவள் காகிதத்தில் வெட்டி, துணியில் தைத்து, சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் மற்ற மெஷின்களுக்குப் போகும். இப்போது அவளைப் படுத்திக்கொண்டிருந்தது ஒரு சின்னத் துணி உறை. சக்கரப் பெட்டியின் கைப்பிடியை மேலே இழுத்தால் இரண்டு கம்பி வரும் இல்லையா, அதில் மாட்டிக்கொள்ளலாம். உறையோடு தைத்த பையில் டீக் கோப்பையோ தண்ணீர்ப் பாட்டிலோ வைக்கலாம். அவ்வளவுதான், ராக்கெட் ஒன்றும் இல்லை.

துணிமணி அடைத்த பெட்டியில் மாட்டினால் உறை சமர்த்தாக இருந்தது. காலிப் பெட்டியில் மாட்டினால், பின்பக்கம் தொங்கும் கோப்பையின் கனம் பெட்டியையே சாய்த்துவிட்டது.

"காலிப் பெட்டிய இழுத்துக்கிட்டு யாரும்மா ஊருக்குப் போறா?" என்றார் முதலாளி. "கையெழுத்தப் போட்டுட்டுக் கெளம்பு. தம்பி ஆஸ்பத்திரியில கெடக்கான்னு சொல்றே, இங்க நின்னு பெட்டியோட மல்லுக்கட்டுறே."

"விழுதுங்களே."

"நீ புடிச்ச முயலுக்கு மூணே கால். என் பெட்டிக்கு நாலு சக்கரம் இருக்கு, அது போதும்."

பக்கத்து மெஷின்காரிகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் கையெழுத்துப் போடவில்லை. அன்று செவ்வாய்க்கிழமை.

உறையே தம்பியின் யோசனைதான். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். ஊர் ஊராகப் போகிற பிழைப்பு. ஒரு கையில் பெட்டி, மறு கையில் டீ, வாயில் டிக்கெட் என்று ரயில் மாறுகிறவன். பாதி டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து நிற்பான். "எனக்கு மூணாவதா ஒரு கை தச்சுக் குடுக்கா" என்பான். அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். கல்யாணம், காட்சி என்று இரண்டு பேருமே போகவில்லை. அவனுக்கு அவள், அவளுக்கு அவன்.

போன வாரம், ரயிலில் பதினாறு மணி நேரம் தள்ளியிருந்த ஊரில் வேலை பார்க்கும்போது மயங்கி விழுந்துவிட்டான். கல்லீரல் என்றார்கள். "ரெண்டு மூணு நாள்ல அனுப்பிடுவாங்களாம், ஒண்ணும் பயமில்ல" என்று போனில் அவனே சொன்னான். அவன் அனுப்பிய போட்டோ வேறு மாதிரி சொன்னது. மஞ்சள் பாய்ந்த கண், ஒட்டிய கன்னம், மலைபோல் வயிறு. அந்தப் போட்டோவை அவள் ஒரே தடவைதான் பார்த்தாள்.

மறைப்பானேன், அவளுக்குப் பயம். அந்த முகத்தை நேரில் பார்க்கப் பயம். பார்த்துவிட்டால் அது நிஜமாகிவிடும். பயமாக இருக்கிறது என்று தனக்குத் தானேகூட யார் சொல்லிக்கொள்வார்கள்? வேலை முடியவில்லை என்று சொல்வது சுலபம், கௌரவமும்கூட. காலிப் பெட்டி விழுந்தது அவளுக்கு வசதியாகப் போய்விட்டது.

புதன்கிழமை பையைக் கீழே இறக்கித் தைத்தாள். பெட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு விழுந்தது. சாயங்காலம் தம்பி கூப்பிட்டான்.

"எப்பக்கா வரே?"

"காலிப் பெட்டி விழுதுடா. அத மட்டும் சரி பண்ணிட்டு ஓடி வந்துடறேன்."

"சரி, முடிச்சுட்டே வா. அரைகுறையா விட்டுட்டு வந்தேன்னா இங்க உக்காந்தும் அதையேதான் பேசுவே." சிரித்தான். சிரிப்பு இருமலாகி, போன் கட்டாகிவிட்டது.

வியாழக்கிழமை வழி பிடிபட்டது. பை கம்பிக்குப் பின்னால் தொங்கினால்தானே சாய்கிறது, முன்னால் திருப்பிப் பெட்டியின் தலைமேலேயே உட்கார வைத்தால்? வைத்தாள். பெட்டியைத் தூக்குவதற்கு மேலே இருக்கும் பட்டை இடித்தது. பையின் அடியில் ஒன்றரை அங்குலம் வெட்டி, விளிம்புக்கு நாடா கொடுத்துத் தைத்தாள். நாடா சுருங்கிக்கொண்டது. பிரித்தாள், மறுபடி தைத்தாள்.

வெள்ளி காலை பத்து மணிக்குக் காலிப் பெட்டி நின்றது. கோப்பை நிறையத் தண்ணீர் வைத்து, விரலால் ஒரு தள்ளு தள்ளினாள். ஆடிவிட்டு நின்றது. கையெழுத்துப் போட்டாள். மத்தியான ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாள். பதினொரு மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, நீங்கதானே அவரோட அக்கா என்று கேட்டாள்.

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். அவள் ஒன்றரை அங்குலத்துக்காக நின்றிருந்தாள்.

முதலாளிதான் அந்தப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் வைத்தார். "அவன் சாமானெல்லாம் எடுத்துட்டு வரணுமேம்மா. இதையே கொண்டு போ." சொன்ன பிறகுதான் செவ்வாய்க்கிழமை தான் கேட்ட கேள்வி அவருக்கு உறைத்திருக்க வேண்டும். சட்டென்று திரும்பி உள்ளே போய்விட்டார்.

ஸ்டேஷனுக்குக் கூட வந்த மெஷின்காரி ஒரு டீயை வாங்கி உறையில் வைத்தாள். ரயில் வரும்வரை காலிப் பெட்டி, டீயோடு, அசையாமல் நின்றது. விழுந்து தொலையேன் என்றிருந்தது டேப்பக்காவுக்கு. அது விழவில்லை. டீ ஆறி ஆடை கட்டியது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் முகத்தைக் காட்டினார்கள். மூன்று நாளாக எதைப் பார்க்கப் பயந்தாளோ அதைப் பார்த்தாள். பார்க்க முடிந்தது, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பிறகு வார்டில் ஒரு நர்ஸ் சாமான்களை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு சட்டை, ஒரு ஸ்க்ரூடிரைவர், சார்ஜர், செருப்பு. பெட்டியின் ஒரு மூலைகூட நிறையவில்லை.

கட்டிலில் அதற்குள் வேறொருவர் படுத்திருந்தார். கட்டில் ஓரத்துக் கம்பியில் பேண்டேஜ் துணியைக் குறுக்கும் நெடுக்கும் சுற்றி, ஒரு முடிச்சுப் போட்டு, அதில் தண்ணீர் டம்ளரை உட்கார வைத்திருந்தார்கள்.

"இது?" என்றாள் டேப்பக்கா.

"உங்க தம்பி சொல்லிக் குடுத்ததுங்க. அவர் கையில டிரிப்ஸ் ஏறிக்கிட்டிருந்துச்சு, டம்ளர எட்டி எடுக்க முடியல. எங்கக்கா பெட்டிக்குத் தைக்கிறா, அதே மாதிரி இதுல கட்டிவிடுங்கன்னார். ரெண்டு நிமிஷ வேலை." நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "போன் போட்டுக் கூப்பிடவான்னு கேட்டேன். வேணாம், அவ முடிச்சுட்டு வருவான்னுட்டார். ஆனா நேத்து காலையில கதவையேதான் பாத்துக்கிட்டிருந்தார்."

டேப்பக்காவின் கை கழுத்துக்குப் போனது. டேப் அங்கேயேதான் கிடந்தது. கழற்ற மறந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள்.

"இத நான் எடுத்துக்கவாங்க?" என்று முடிச்சில் கை வைத்தாள்.

நர்ஸ் கட்டிலில் இருந்தவரைப் பார்த்தாள். "அவருக்கு வேணுமேங்க."

அவர் டம்ளரை எடுத்து இரண்டு வாய் குடித்துவிட்டுத் திரும்ப வைத்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. முடிச்சு கோணலாகத்தான் இருந்தது. டேப்பக்கா அதைச் சரிசெய்யாமல் கையை எடுத்துக்கொண்டாள்.